சராசரிக் காலுக்கு ஒரு சைக்கிள்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சக்கரத்தில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவருவதற்காக மனிதகுலத்திலேயே அதிகம் உழைத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். அவர் என் கணவர். புள்ளிவிவர அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அட்டவணை போடாமல் எதையும் தொடமாட்டார். அவருடைய அலுவலகம் இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறது. அதில் 'பயனாளியின் பாராட்டு' என்று ஒரு பக்கம் ஒதுக்கி, என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பயனாளி என்பது நான்தான். மனமாரப் பாராட்டுகிறேன்.

எனக்கு நாற்பத்தொரு வயதில் வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே ஒரு நாற்றுப் பண்ணையில் கன்றுகளைக் கவனிக்கிற வேலை. சின்ன வேலைதான். ஆனால் என் பேரில் வந்த முதல் வேலை, அதனால் எனக்கு அது பெரிது. பண்ணைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"முதல் மாசம் எட்டு மணிக்கு வாங்கம்மா, பரவாயில்ல. அடுத்த மாசத்துலேர்ந்து ஏழுன்னா ஏழு. வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணி ஊத்தணும். முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கிறேன்."

முதல் பஸ் அங்கே போய்ச் சேருவதே ஏழே முக்காலுக்கு. வழி ஐந்து கிலோமீட்டர். மூன்று தார் ரோடு, மிச்சம் இரண்டு சரளைக்கல். பள்ளிக்கூட நாட்களில் ஓட்டியதோடு சரி, அதற்கப்புறம் நான் சைக்கிளைத் தொட்டதில்லை. இருந்தாலும் துணிந்து கேட்டேன்.

"என்னங்க, எனக்கு ஒரு சைக்கிள் வேணும்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "என்ன நோக்கத்துக்கு?"

"போறதுக்கு."

"அது ரொம்பப் பொதுவா இருக்கு," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் கூடத்தில் 'மிதிவண்டித் தேர்வு ஆலோசனைக் குழு' கூடியது. என் கணவரையும் சேர்த்து ஏழு பேர், எல்லாம் அதே அலுவலகத்து ஆண்கள். தலைவர் அவர்களுடைய மேலாளர். ஏழு பேரில் ஒருவரிடமும் சைக்கிள் கிடையாது. அதனால்தான் அவர்களிடம் முன்முடிவுகள் எதுவும் இல்லை என்று என் கணவர் எனக்கு விளக்கினார். இப்படிப்பட்ட நடுநிலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதல் கூட்டத்தில் சைக்கிளின் வகை விவாதிக்கப்பட்டது.

"மலை ஏறுற சைக்கிள்தான் வாங்கணும்," என்றார் மேலாளர்.

"இங்க மலை இல்லையே சார்," என்றார் ஸ்டோர்ஸ் பிரிவுக்காரர். குழுவில் அடிக்கடி உண்மை பேசிவிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

"வந்தா?"

மலை வருவதற்கான வாய்ப்பு குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டது. நான் தேநீர் கொடுத்தேன்.

இரண்டாவது வாரம் என் கணவர் 'ஹைபிரிட்' என்ற வகையைக் கண்டுபிடித்து வந்தார். ரேஸ் சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்தது, தார் ரோட்டிலும் போகும், சரளையிலும் போகும். உண்மையில் எனக்கு வேண்டியதும் அதுதான். வேலை முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்படிச் சட்டென்று முடிகிற வேலை எல்லாம் ஒரு வேலையா? அதற்குப் 'பல்நோக்கு சைக்கிள்' என்றும் ஒரு பெயர் இருப்பதால் நோக்கங்களைப் பட்டியல் போட வேண்டுமென்று தீர்மானித்தார்கள். மூன்றாவது ஞாயிறு பட்டியல் தயாரானது, மொத்தம் இருபத்துமூன்று நோக்கங்கள். கேஸ் சிலிண்டர் ஏற்றுவது, வெள்ளக் காலத்தில் மேட்டுக்குப் போவது, மேலாளர் ஓய்வு பெற்ற பிறகு நடைக்குப் பதிலாக ஓட்டுவது எல்லாம் அதில் உண்டு. நான் வேலைக்குப் போவது பத்தொன்பதாவதாக இருந்தது. கியர் எத்தனை என்பதில் சண்டை வரும்போல் இருந்தது. கடைசியில் ஆளுக்கு மூன்று என்று இருபத்தொன்றில் சமாதானம் ஆனார்கள்.

அன்று எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன். "நான் ஒரு எட்டு கடைக்குப் போய் ஏறிப் பார்த்துட்டு வரட்டுமா?"

"ஆய்வு முடியறதுக்கு முன்னாடி பயனாளி பொருளைத் தொடக் கூடாது. முடிவு பாதிக்கும்."

"மாசம் முடியப் போகுதுங்க. வேலை போயிடும்."

"அவசரத்துல வாங்குறவங்கதான் ஏமாந்து போறாங்க. நேத்து கடைக்குப் போனேனா, அந்தக் கடைக்காரம்மா என்ன சொல்லுது தெரியுமா? ஓட்டுறவங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுது! எப்படி இருக்கு?"

அவர் அதைக் குறிப்பேட்டில் 'விற்பனைத் தந்திரம், எச்சரிக்கை தேவை' என்று எழுதியிருந்தார். என் பணம் வீணாகக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஓர் அக்கறை.

நான்காவது கூட்டம்தான் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. சைக்கிள் பல அளவில் வரும், ஓட்டுகிறவரின் கால் நீளத்தைப் பொறுத்து வாங்க வேண்டும் என்று ஸ்டோர்ஸ்காரர் எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார். நான் சமையலறையில் இருந்தபடியே நிமிர்ந்து நின்றேன்.

"உன் தையல் டேப்பை எடுத்துட்டு வா," என்று கணவர் கூப்பிட்டார்.

புடவையைச் சரிசெய்துகொண்டு டேப்போடு போனேன். மேலாளர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"நீ குனிஞ்சு கீழ்முனையைத் தரையோட பிடிச்சுக்கோ. நான் மேல படிக்கிறேன்."

"யாருக்குங்க அளக்கறீங்க?"

"எல்லாருக்கும்தான். பல்நோக்கு சைக்கிள் ஒருத்தரோட காலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. சராசரி எடுக்கணும்."

மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டேன். இடது வலது தனித்தனியாக அளக்கப்பட்டது, ஏனென்றால் அறிவியல் என்றால் அறிவியல்தான். ஸ்டோர்ஸ்காரருக்கு இடதுகால் அரை சென்டிமீட்டர் அதிகம் என்று தெரிந்தபோது அவர் கொஞ்சம் ஒடிந்து போனார். "இத்தனை வருஷம் இது தெரியாம நடந்துட்டேனே," என்றார். எல்லோரும் அவரைத் தேற்றினார்கள். பிறகு என் கணவர் கூட்டி வகுத்து அறிவித்தார். சராசரிக் கால், எண்பத்தொன்று புள்ளி நான்கு. கை தட்டினார்கள். எனக்கு முழங்கால் வலித்தது.

ஐந்தாவது ஞாயிறு, வீட்டு வாசலில் 'வழங்கும் விழா' நடந்தது. மறுநாள் ஒன்றாம் தேதி. மறுநாள் ஏழு மணிக்கு நான் பண்ணையில் இருந்தாக வேண்டும். சைக்கிள் நீல நிறத்தில் மினுங்கியது. ரிப்பனுக்குப் பதிலாக அலுவலக ஃபைல் நாடாவைக் கட்டி, மேலாளர் வெட்டினார். நான் சுடிதார் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். ஏறினேன், அதாவது என்னை இரண்டு பேர் ஏற்றினார்கள்.

"காலை ஊணும்மா," என்றார் மேலாளர்.

"எங்க சார் ஊண? கீழ தரையே தட்டுப்படலையே!"

சொல்லி முடிப்பதற்குள் நானும் சைக்கிளும் மேலாளர் மேல் சாய்ந்தோம். மேலாளர் என் கணவர் மேல் சாய்ந்தார். குழு முழுக்க ஒரே திசையில் சாய்ந்தது. அவர்கள் ஒருமித்துச் செய்த முதல் காரியம் அதுதான். எதிர்வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.

தூசியைத் தட்டிக்கொண்டு, வாசலிலேயே அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"பயனாளியின் கால் சராசரியைவிடக் குறைவு," என்றார் என் கணவர், வருத்தத்தோடு. "குறை சைக்கிள்ல இல்ல."

"வாசல்ல ஒரு கல்லு போட்டுடலாம், ஏறுறதுக்கு," என்றார் மேலாளர்.

"இறங்குறதுக்கு?" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"பண்ணையில ஒரு கல்லு."

"நடுவுல சிக்னல் விழுந்தா சார்?"

"அது போக்குவரத்துத் துறை," என்றார் மேலாளர்.

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். எட்டாவது வீடு தாண்டும்வரை அவர்கள் கல்லின் உயரத்தை விவாதிப்பது கேட்டது.

கடைக்காரம்மா கையில் கிரீஸோடு வெளியே வந்து, சைக்கிளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது! உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னேனேம்மா. சரி, எங்க போகணும்?"

"நாற்றுப் பண்ணைக்கு. பாதி தார், பாதி சரளை."

"என்ன எடுத்துட்டுப் போவீங்க?"

"ஒரு பை, ஒரு டிபன் டப்பா."

அதே ஹைபிரிட்டில் இரண்டு அளவு சின்னதை எடுத்து வந்தார். கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கச் சொன்னார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் இருந்தன. சீட்டை ஒரு திருகு திருகினார். கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லி, முதுகு இழுக்கிறதா என்று கேட்டார். டயர் ஒல்லியுமில்லை, குண்டுமில்லை. "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பிடிச்சா மாத்திக்குங்க," என்றார். அவ்வளவுதான், பத்து நிமிடம்.

முதல் ரவுண்டில் ஒரு குப்பைத்தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டேன். இரண்டாவது ரவுண்டில் தெரு எனக்கு வழிவிட்டது. மூன்றாவது ரவுண்டில் யாருமே இல்லாத இடத்திலும் மணி அடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனேன். பயமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. நான்காவது ரவுண்டு தேவையே இல்லை, ஆனாலும் போனேன்.

மறுநாள் ஆறு ஐம்பதுக்குப் பண்ணையில் இருந்தேன். பண்ணைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர்க் குழாயை என் கையில் கொடுத்தார்.

குழுவின் அறிக்கை இப்போது அச்சாகிவிட்டது. 'குழுவின் அறிவியல்பூர்வமான பரிந்துரையால் ஊழியர் ஒருவரின் மனைவி நேரத்துக்குப் பணிக்குச் செல்கிறார்' என்று முதல் வரியிலேயே இருக்கிறது. மேலாளரின் படமும் நீல சைக்கிளும் போட்டிருக்கிறார்கள். இந்த வெற்றியால் ஊக்கம் பெற்று, அடுத்து எனக்குக் கண்ணாடி வாங்கப் போகிறார்களாம். ஏழு பேருடைய பார்வையையும் சோதித்துச் சராசரி எடுப்பதாகத் திட்டம்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'பயனாளியின் கருத்து, ஏதும் இருப்பின்' என்று அரை அங்குலம் விட்டிருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. அரை அங்குலத்தில் அடங்குவதை மட்டும் எழுதுகிறேன்.

குழு பதினான்கு கால்களை மிகத் துல்லியமாக அளந்தது. பதினைந்தாவது காலும் பதினாறாவது காலும் அன்று அதே அறையில்தான் இருந்தன. ஒவ்வொருவர் காலடியிலும் மண்டியிட்டு, என் டேப்பின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டிருந்தன.