ஒன்பதாவது அல்பத்துக்கு முதலிடம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருபத்துமூன்று வயதில் இந்த வியாதி நன்றாக முற்றிப்போயிருந்தது. அதே வயதில்தான் புரோகிரசிவ் மெட்டல் கேட்கவும் தொடங்கினேன். தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள இதைவிட வசதியான இசை கிடையாது. ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிடம் ஓடும், நாலு தரம் தாளம் மாறும், பாடுகிறவர் பாதித் தூரம் போனபிறகுதான் வாய் திறப்பார். நாம் எங்கே தலையாட்டினாலும் யாரும் பிழை பிடிக்க முடியாது. (“இவன் ஏன் இப்பிடிக் கத்துறான், வயித்து வலியோ” என்பதோடு அம்மாவின் விமர்சனம் முடிந்துவிடும்.)

திருகோணமலையில் இந்த இசையைச் செய்கிறவர் ஒரே ஒருவர்தான், ஜெரோம் அண்ணா. துறைமுகத்துப் பக்கம் பட்டறை வைத்துப் படகு எஞ்சின் திருத்துவது அவர் தொழில். பட்டறையின் பின்னறையில் கிற்றார், றம்ஸ், கீபோட், பாட்டு எல்லாம் தானே செய்து, தானே பதிந்து, எட்டு அல்பம் வெளியிட்டிருந்தார். ஒன்றில் மாதா கோயில் பாடகர் குழு வரும். ஒன்றில் உடுக்கு வரும். ஒன்று முழுக்க, கலியாண வீட்டில் ஆடுகிற பைலாத் தாளத்தில் அழும்.

அவருக்கு ஊரில் ஆறு ரசிகர்கள். ஆறு பேரும் பெடியன்கள், அதில் ஒருவன் என் அண்ணா அமலன். ஏழாவது ஆளான எனக்கு டிலானி என்று ஒரு பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ‘அமலன்ட தங்கச்சி’ அவ்வளவுதான். நான் ஏதாவது கருத்துச் சொன்னால், தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்பார்கள்.

ஒருநாள் ஜெரோம் அண்ணா என்னைக் கூப்பிட்டார்.

“ஒன்பதாவது அல்பம் வருது. உறையில நாலு வரி எழுத ஆள் வேணும். வாற ஞாயிறு பூசை முடியக் கோயில் மண்டபத்தில சின்னக் கூட்டம் ஒண்டு. என்ட அல்பங்களை வரிசைப்படுத்திக் கதைக்கவேணும். பெடியன்கள் ஒருத்தரும் மேடை ஏறுறாங்கள் இல்லை. நீர் கதையும். சரிவந்தா நீர்தான் எழுதுறது.”

உறையில் என் பெயர் அச்சாகும். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன், எட்டு அல்பத்தையும் முழுதாகக் கேட்பதைத் தவிர.

அவர் தந்த பென் டிரைவில் எல்லாம் இருந்தன. திறந்து பார்த்தால் எட்டு ஃபோல்டருக்குப் பதில் ஒன்பது. ஒன்பதாவதற்குப் பெயரே இல்லை. உள்ளே ஊர்ப் பெயரும் எண்ணுமாக மூன்று பதிவுகள்: கட்டைபறிச்சான் 15, இலங்கைத்துறை 9.9, கிண்ணியா 40. வெளிவராத புது அல்பத்தை எனக்கு மட்டும் இரகசியமாகத் தந்திருக்கிறார் என்று நெஞ்சு விம்மியது. இது அதுதானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உண்மையான ரசிகை அப்படிக் கேட்பாளா?

அதைப் போட்டுக் கேட்டேன். கிற்றார் இல்லை, றம்ஸ் இல்லை, குரல் இல்லை. உறுமிக்கொண்டே போகிறது, இருமுகிறது, நிற்கிறது, மறுபடி உறுமுகிறது. ஜெரோம் அண்ணா இசையில் எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்தேன். எண்களெல்லாம் தாளக் கணக்கு என்று நானே முடிவுகட்டினேன். முப்பத்தொரு நிமிடத்தையும் பதினேழு தரம் கேட்டேன். (அந்தப் பட்டறை வாசலால் தினமும் இரண்டு தரம் நடந்து போகிறவள் நான். இதற்கு மேல் என்னை நானே திட்ட ஏலாது.)

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஐம்பது பேர்வரை இருந்தார்கள். ஆறு பேர் இசைக்கு வந்தவர்கள், மற்றவர்கள் தேத்தண்ணியோடு தருகிற பற்றிஸுக்கு. கடைசி வரிசைக் கதிரையில் கிண்ணியாவிலிருந்து வந்த மஜீத் காக்கா இருந்தார். இரண்டு கிழமையாக அவருடைய எஞ்சின் பட்டறையில் கிடந்தது. பட்டறை பூட்டியிருந்ததால் ஆளைத் தேடி இங்கேயே வந்துவிட்டார்.

நான் கீழிருந்து மேலாகப் போனேன். கடைசி இடத்தை ‘கரையில்லா மணி’ என்ற அல்பத்துக்குக் கொடுத்து, “உழைப்புத் தெரிகிறது, உயிர் தெரியவில்லை” என்றேன். (அதில் நான் கேட்டது இரண்டரைப் பாட்டு.) ஜெரோம் அண்ணா தரையைப் பார்த்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் இடம் வரை வந்து, தண்ணி குடித்து, குரலைத் தாழ்த்தினேன்.

“முதலிடம், இன்னும் வெளிவராத ஒன்பதாவது அல்பத்துக்கு.”

அவர் நிமிர்ந்தார். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களின் துயரம் இது என்று விளக்கினேன். ‘இலங்கைத்துறை 9.9’ பத்தை எட்ட ஏங்கி, எட்டாமலே நிற்கும் தாளம் என்றேன். பிறகு ‘கிண்ணியா 40’ஐப் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். மண்டபம் அதிர்ந்தது.

“கேளுங்கள், மூன்றாவது நிமிடத்தில் மூச்சு ஒன்று இடறுகிறது. இடறி, எழும்பி, மறுபடி இடறுகிறது.”

கடைசி வரிசையில் மஜீத் காக்கா எழுந்து நின்றார். கோபமே இல்லை. சொந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டவரின் முகம்.

“மகள், அது என்ட எஞ்சின்.”

ஸ்பீக்கரில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“நாப்பது குதிரை வலு. பழுது பாக்க இவர்தான் ஓடவிட்டுப் போன்ல சத்தம் பிடிச்சவர். அந்த இடறலத்தான் ரெண்டு கிழமையாச் சொல்றன், ஒண்டும் இல்லை எண்டுறார். இந்தப் பிள்ளைக்கு விளங்கி இருக்கு.”

முதலில் சிரித்தது என் அண்ணா. அதன்பிறகு மண்டபத்தில் சிரிக்காதவர்கள் மூன்று பேர்: நான், மஜீத் காக்கா, ஜெரோம் அண்ணா. ஜெரோம் அண்ணா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து காதை வைத்து, மூன்றாவது நிமிடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். இரண்டு தரம் கேட்டார்.

“எண்ணெய் வாற குழாயில காத்து இழுக்குது. நான் கவனிக்கேல்லை. நாளைக்குத் தாறன், காக்கா.”

எஞ்சினுக்கு விடிவு கிடைத்தது. நான் பக்கத்துக் கதவால் வெளியேறி, லிங்கநகர் வரை நடந்தே வீட்டுக்குப் போய், குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன்.

மறுநாள் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு ஓடிவிடுவதுதான் திட்டம். அவர் எஞ்சினைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“தவறி ஏறின அந்த எஞ்சின் சத்தம், முப்பத்தொரு நிமிசமும் கேட்டனீரோ?”

“ஓம். பதினேழு தரம்.”

“மற்ற எட்டும்?”

வாய் வரத்தான் இல்லை. ஆனாலும் சொன்னேன். “முழுக்கக் கேக்கேல்லை, அண்ணா. ஒண்டுமே முழுக்கக் கேக்கேல்லை.”

அவர் எஞ்சின் கழற்றும் சாவியைக் கீழே வைத்தார். “உங்கட அண்ணாவும் கேக்கேல்லை. அந்த அஞ்சு பேரும் கேக்கேல்லை. கதைக்கேக்க எனக்கு விளங்கும். ஆரும் ஒராள் ஒண்டையெண்டாலும் தொடக்கத்தில இருந்து கடைசி மட்டும் கேட்டா என்ன சொல்லுவினம் எண்டு கன காலமா நினைச்சிருக்கிறன். நேற்றுத்தான் தெரிஞ்சுது.” கொஞ்சம் பொறுத்து, “இதைக் கொண்டுபோய் முதல் அல்பத்தில இருந்து கேட்டிட்டு வாரும். அதுக்குப் பிறகு எழுதும்,” என்றார்.

எட்டையும் கேட்டு முடிக்க ஒரு மாதம் போனது. ‘கரையில்லா மணி’யின் கடைசிப் பாட்டில் நான் அழுதேன் என்பதை அவரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். ஒன்பதாவது அல்பத்தின் உறையில் நாலு வரியும், கீழே என் முழுப்பெயரும் வந்தன. நூறு பிரதி அடித்ததில் மஜீத் காக்கா மட்டும் மூன்று வாங்கினார், அவர் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை.

ஆனால் அச்சில் வந்த பெயர் அச்சோடு சரி. என் கலியாணத்தில் அண்ணா மைக்கைப் பிடித்து, புது மச்சானுக்கு ஒரு புத்திமதி என்றான். “இவளிட்டப் பொய் சொல்ல வேண்டாம், மச்சான். மூண்டாவது நிமிசத்தில பிடிச்சிடுவாள்.” மாப்பிள்ளை வீட்டார் விழிக்க, அம்மாவே எழுந்து முழுக்கதையையும் ஸ்பீக்கரில் சொன்னா. இன்று என் கணவரின் போனில் என் நம்பர் ‘கிண்ணியா 40’ என்றுதான் கிடக்கிறது. நான் அழைத்தால் மஜீத் காக்காவின் எஞ்சின் உறுமுகிறது.