வார்டு இல்லாத செனட்டர்

கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் செனட்டர் தட்டாத கதவு கிடையாது. அவருடைய கால்களில் அந்த வட்டாரத்து நாய்கள் பதம் பார்க்காத இடமும் கிடையாது.

உண்மையில் அவர் பஸ் கொண்டக்டர். எண்பதுகளின் நடுவில் ஒருநாள் என் மளிகைக் கடைக்கு ஒரு பத்திரிகைத் துண்டோடு வந்தார். அமெரிக்காவில் ஏதோவொரு மாநிலத்தில், பஸ் ஓட்டிய ஒருவர் நாலு முறை தோற்று, ஐந்தாம் முறை செனட்டர் ஆகிவிட்டாராம்.

"அவன் பஸ் ஓடினவன், நான் டிக்கெட் குடுக்கிறன். பெரிய வித்தியாசமே?"

அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் செனட்டர் நின்றது எங்கள் பகுதிக் கவுன்சிலுக்கு, சுயேச்சையாக.

முதல் தேர்தலில் ஒரு சனிக்கிழமை முழுக்க மழையில் வாக்குக் கேட்டார். கடைசி வீட்டு வெள்ளைக்காரக் கிழவி தலை துவட்டத் துவாய் கொடுத்துவிட்டு, அந்தத் தெரு பக்கத்து வார்டைச் சேர்ந்தது என்றாள். "பரவாயில்லை, சனம் நல்ல சனம்" என்றார் எங்களிடம். தோற்றார்.

அடுத்த தேர்தலுக்குள் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்பிவிட்டார். "அண்ணை, அகதிக்கு ஏது வோட்டு?" என்று கேட்டால், "வெள்ளைக்காரன் ஆண்ட கொமன்வெல்த் நாட்டுக்காரனுக்கு இங்கை வோட்டு இருக்கு. கையெழுத்தை வை!" என்பார். இம்முறை வென்றார்.

என் கடைக்கு முன்னால் உள்ள பெரிய வீதியில், வாடிக்கையாகச் சாமான் வாங்க வரும் கமலா அக்காவைக் கார் மோதிக் கால் முறிந்தது. செனட்டர் அங்கே பாதசாரிக் கடவை கேட்டார். அவ்வளவு பேர் கடப்பதில்லை என்ற கவுன்சில், எண்ணிப் பார்க்க ஓர் அதிகாரியை அனுப்பியது. அன்று செவன் கிங்ஸ் தமிழ்ச் சனம் முழுவதும் வீதியைக் கடந்தது. கடந்து, திரும்பிக் கடந்து, மறுபடியும் கடந்தது. கமலா அக்காவும் ஊன்றுகோலோடு நடந்தார்.

"இந்த அம்மாவை ஒன்பது தடவை பார்த்துவிட்டேன்" என்றார் அதிகாரி.

"அவவுக்கு மறதி" என்றார் செனட்டர்.

குட்டு வெளிப்பட்டது. கவுன்சில் கூட்டத்தில், "ஆட்களைத் திரட்டி நடக்க வைத்தீர்களா?" என்று தலைவர் கேட்டார். நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். செனட்டர் எழுந்தார்.

"ஆம், வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டுதான் கடந்தார்கள். நீங்கள் ஒரே ஒரு தடவை துணையில்லாமல் கடந்து காட்டுங்கள். கோரிக்கையை விட்டுவிடுகிறேன்."

தலைவர் ரோஷக்காரர், வீதிக்கே வந்துவிட்டார். நடைபாதை விளிம்பில் ஒரு காலை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். பத்து நிமிடம் ஆனது. செனட்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கியபடி நேரே வீதியில் இறங்கினார். ஒரு பெரிய லொறி கிறீச்சிட்டு நின்றது.

கடவை வந்தது. கூடவே அதன் இரு பக்கமும் கார் நிறுத்தக்கூடாது என்ற கோடுகளும் வந்தன. எங்கள் வாடிக்கையாளர்கள் வேறு கடைகளுக்குப் போனார்கள். கடைக்காரர்கள் கறுவிக்கொண்டிருந்தோம். அடுத்த தேர்தலில் அவர் சொற்ப வாக்குகளால் தோற்றார்.

மறுநாள் காலை வழமைபோல் கடைக்கு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, நான் உங்களுக்குப் போடேல்லை."

"தெரியும். உம்மடை முகத்தை வைச்சுக்கொண்டு ஒண்டும் ஒளிக்கேலாது" என்று சிரித்தார். "அதை விடும். வெஸ்ட் ஈலிங்கிலை ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்காம். உம்மடை கடை வானிலை என்னை ஏத்திக்கொண்டுபோய் விடுவீரே?"

"அது உங்கடை வார்டு இல்லையே, அண்ணை?"

"எனக்கு இப்ப வார்டே இல்லை, காணும். இனி எங்கையும் போகலாம்!"

பட்டப்பகலில் கடையைப் பூட்டினேன். லண்டனை ஊடறுத்து அந்த நீண்ட வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். தேர்தலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெஸ்ட் ஈலிங் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.