ராஜினாமாவுக்கு நாற்பத்தொன்பது மார்க்

"அங்க சொல்லிட்டு வருவியா, சொல்லாம வருவியாம்மா?"

செம்பட்டி விதைக் கம்பெனி மேனேஜர் கேட்ட இந்த ஒரு கேள்விக்கு, "சொல்லிட்டு சார்" என்று ஏஞ்சலின் பதில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதுதான் வினை. அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பழைய இடத்தில் விடுவித்ததற்குச் சான்றிதழ் இல்லாமல் வரக்கூடாது என்று வேறு அவர் சொல்லியிருந்தார்.

பழைய இடம் என்பது திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். சொல்ல வேண்டிய ஆள் பாஸ்கல் சார்.

ஓர் எழுத்து பிசகினால் தாளை உருவிக் கிழிப்பார். மெஷின் உறையை மடிக்காமல் போட்டவனுக்கு அன்றைக்குப் பாடம் கிடையாது. ஃபேன் போடச் சொல்லிக் கேட்டால், "ஏலே, வேர்க்கலேன்னா நீ அடிக்கிறேன்னு நான் எப்படி நம்புறது?" என்பார். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுபோன ஏஞ்சலினை ஃபீஸ் வாங்காமல் உட்காரவைத்து, லோயரும் ஹையரும் பாஸ் பண்ணவைத்து, அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலையும் தந்தவர் அவர்தான். வெறும் கோபக்காரர் என்றால் அவள் எப்போதோ போயிருப்பாள்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலை ராஜினாமாக் கடிதத்தைத் தமிழ் மெஷினில் அடித்து, அவர் மேஜையில் இருந்த தாள்களுக்கு நடுவே செருகிவிட்டாள்.

மாலையில் கடிதம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் எழுதியிருந்தது: "இடப்பக்கம் பத்து இடம் விடவும். 31/50. மறுபடி அடிக்கவும்."

லோயர் பரீட்சையில் ஒரு கடிதம் அடிக்க வேண்டும். மாணவர்களின் பயிற்சித் தாள்களோடு இதையும் சேர்த்துத் திருத்திவிட்டார் போல.

செவ்வாய்க்கிழமை மறுபடி அடித்து, நிஜம் என்று தெரியட்டும் என்று தன் பேரை முழுசாகப் போட்டு, கீழே கோடும் இழுத்து வைத்தாள். சார் கூப்பிட்டார்.

"ஏஞ்சலினு, 'சொந்தக் காரணங்களால்'னு போட்டிருக்க. படிக்கிறவுகளுக்கு என்ன தோணும்? எதையோ ஒளிக்கிறான்னு தோணாதா?"

"இல்ல சார், இது வந்து..."

"வந்து போயின்னு இழுக்காத. யாரை விட்டுப் போறோமோ அவுகளுக்கு மொதல்ல நன்றி சொல்லணும். படிச்சு முடிக்கையில கோவிக்க எடமே இருக்கப்படாது. போய் அடி."

புதன்கிழமை அவள் வாசகம் தேடவில்லை. மனசில் இருந்ததை அடித்தாள். "ஒன்றும் தெரியாமல் வந்தேன். விரல் வைக்கும் இடம் முதல் எல்லாம் இங்கே கற்றேன். தங்கள் கோபத்தால் வீணானவை தாள்கள் மட்டுமே, நான் அல்ல. அந்த நன்றியோடு விடை கேட்கிறேன்." அடித்து முடித்தபோது கண் கலங்கி, கடைசி வரி சரியாகத் தெரியவில்லை.

சார் அதை இரண்டு முறை படித்தார். நாற்பத்தொன்பது மார்க் போட்டார். அந்த இன்ஸ்டிட்யூட்டில் அதுவரை யாரும் நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அதோடு விட்டிருக்கலாம். கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, மறுநாள் காலை பேட்ச் முழுவதற்கும் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை பதினெட்டு மெஷின்கள் அவளுடைய ராஜினாமாவைத் தடதடவென்று அடித்தன. எந்த மாணவனுக்குத் தப்பு வந்தாலும் அவளே போய்த் திருத்த வேண்டியிருந்தது.

அன்று மாலை, நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே காலை பேட்சில் படிக்கும் சடையாண்டி வந்தான்.

"அக்கா, நல்ல லெட்டருக்கா. என் பேரைப் போட்டு மில்லுல குடுத்துட்டேன்."

"எதுக்குடா குடுத்த?"

"அடிக்க அடிக்க ஒரு மாதிரி ஆயிருச்சுக்கா. குடுக்கணும்போல இருந்துச்சு."

அவன் உட்காருவதற்குள் மில் சூப்பர்வைசர் படியேறி வந்துவிட்டார்.

"யாரு சார் இவனுக்கு எழுதிக் குடுத்தது? படிச்சேன், கண்ணு கலங்கிப் போச்சு, சரி போய்ட்டு வாப்பான்னு சொல்லிட்டேன். இப்ப நைட் ஷிப்டுக்கு ஆள் இல்ல."

பாஸ்கல் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கோவமே வரலையா?"

"வரல சார்."

"கொஞ்சங்கூட?"

"அதான் சார் சொல்றேன்."

சார் அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அங்கே யாருக்கும் அவர் டீ வாங்கிக் கொடுத்து ஏஞ்சலின் பார்த்ததில்லை. டீ குடித்த தெம்பில் சூப்பர்வைசர் சடையாண்டியைச் சமாதானப்படுத்தி மில்லுக்கே கூட்டிப் போனார். ஏஞ்சலினின் கடிதம் மட்டும் இன்னும் பாடமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாரின் மனைவி செபாஸ்தியம்மாள் மாலையில் வந்தார். வாரம் தவறாமல் வந்து, மெஷின்களில் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அவர் இருக்கும்வரை சார் நாற்காலியில் உட்கார மாட்டார். மனைவிமேல் அவ்வளவு மரியாதை என்று ஏஞ்சலின் நினைத்திருந்தாள்.

சார் உள்ளறையில் இருந்தார். ஏஞ்சலின் கடிதத்தைச் செபாஸ்தியம்மாளிடம் நீட்டினாள். "அம்மா, நீங்களே சார்கிட்ட குடுத்துருங்கம்மா. திங்கக்கெழம செம்பட்டியில சேரணும். இது பாடமில்லம்மா, நெசம்."

செபாஸ்தியம்மாள் கடிதத்தைக் கடைசிவரை படித்தார். மடித்தார்.

"நீயுமா புள்ள? காலையில இதே லெட்டரை அவரும் எங்கிட்ட நீட்டுனாரு. இந்த இன்ஸ்டிட்யூட்டு எங்கப்பா எனக்குக் குடுத்தது. இருபத்தோரு வருசமா எங்கிட்ட சம்பளத்துக்கு இருந்த மனுசன், ஆயக்குடியில கொய்யாத் தோப்பு பாக்கப் போறாராம். பேரை மட்டும் மாத்தியிருக்காரு. என்னத்தச் சொல்ல, எனக்குக் கோவமே வரல."

உள்ளறைக் கதவு திறந்தது. பாஸ்கல் சார் வந்து ஏஞ்சலினின் மெஷின்மேல் ஒரு தாளை வைத்தார். அவளை விடுவித்ததற்கான சான்றிதழ். ஒரு பிழை இல்லை. அடித்த தேதி, அவள் முதல் கடிதத்தைச் செருகிய திங்கட்கிழமை.

அவள் எழுந்து நின்றாள். "சார்..."

அவர் அந்த மெஷினின் உறையை எடுத்து, நான்காக மடித்து, மூலையில் வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.