கொல்லையில் நின்ற படகு

"படகு ஆடுதுங்க," என்றாள் அருணாதேவி.

செங்கம் ரோட்டு வீட்டின் கொல்லையில், டிரெய்லர் மேல் நின்ற தன் பாய்மரப் படகை வேணு பார்த்தார். பக்கத்தில் அலை எதுவும் இல்லை. துணி துவைக்கும் தொட்டி ஒன்று இருந்தது, அதுவும் காலி.

"தரையில நிக்கிறது எப்படிம்மா ஆடும்?"

"சக்கரத்தைக் கழட்டிட்டு கல்லு வெச்சு நிறுத்துங்க. அப்புறம் எங்க வேணா இழுத்துட்டுப் போங்க."

சக்கரம் இல்லாமல் எப்படி இழுப்பது என்று கேட்கிற துணிச்சல் இருந்திருந்தால், வேணு கல்யாணத்தன்றே சில கேள்விகள் கேட்டிருப்பார். கழற்றினார்.

ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த இத்தாலிக்காரர் ஒருவர், கடலே இல்லாத ஊருக்குப் புதுச்சேரியிலிருந்து இழுத்து வந்த படகு அது. ஞானம் வந்து ஆசைகளைத் துறந்தவர், முதலில் அதைத்தான் துறந்தார். ஞானம் வராத வேணு வாங்கிக்கொண்டார். மழையில் வேங்கிக்கால் ஏரி நிரம்பியதும் பாய் விரித்து ஒரு சுற்று வருவதாக ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தார். அவர் ஓய்வு பெறுவதற்குள் செய்யப்போகிற ஒரே சாதனை அதுதான். பக்கத்து மேசை பிரசாத் தினமும் வணக்கத்துக்குப் பதிலாக, "கப்பல் கிளம்பிடுச்சா சார்?" என்று கேட்டான்.

கல் வைத்ததில் படகின் அடியில் விரிசல் விட்டது. பைபர் ஒட்டினார். பசை நாற்றம் வீட்டைத் தூக்கியது.

"உள்ள மூச்சு முட்டும். ஒரு ஜன்னல் வைங்க."

"படகுக்கு எதுக்கு மூச்சு?"

அருணாதேவி ரம்பத்தை எடுத்து நீட்டினாள். மறுநாள் ஜன்னல் வந்தது, படகு ஏரியில் இறங்கினால் தண்ணீர் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்க்க வசதியான உயரத்தில். பிறகு கொசு ஜாஸ்தி என்று வலை, பாம்பு வரும் என்று பல்பு, பல்பு சூடாகிறது என்று பேன். பாய்மரம் துணி காயப்போடும் கொடியானது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் படகு ஏரியைவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

வேணு அண்ணாமலையாரை நம்பினார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போய், 'படகு மிதக்கணும்' என்று வேண்டிக்கொண்டு, விடியும்வரை வழியிலிருக்கும் அன்னதானப் பந்தலில் சாம்பார் ஊற்றிவிட்டு நேராக ஆபீஸ் போவார்.

ஏரி நிரம்பியது. அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பந்தலிலிருந்து டிராக்டரோடு வீட்டில் வந்து இறங்கினார். பின்னாலேயே பிரசாத், படம் பிடிக்கப் போனை நீட்டிக்கொண்டு.

வேணு முதல் சக்கரத்தைத் திரும்ப மாட்டி ஸ்பேனரால் முடுக்கினார். படகு அதிர்ந்தது. அடுப்படியிலிருந்து காபித் தட்டோடு வந்த அருணாதேவி அப்படியே நின்றாள். தட்டில் ஐந்து டம்ளர் இருந்தது.

கொசுவலை விலகியது. ஜன்னலில் ஓர் அம்மாள், நெற்றி நிறைய விபூதியோடு, தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்தார்.

"ரூமு ஆடுதுன்னதும் சக்கரத்தைக் கழட்டின மேஸ்திரி நீங்கதானா? ஆரணியிலேர்ந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கதான் வாடகைக்கு வந்து தங்குறோம். நாங்க எது கேட்டாலும் அடுத்த பௌர்ணமிக்குள்ள உங்களை விட்டுச் செஞ்சி குடுத்துடுறாங்க அம்மா; அப்படியே ஒரு பாத்ரூமும் கட்டிடுங்க."