நெருப்புக்குப் படிக்கத் தெரியும்

தெர்ல்பி பாதிரியாரின் பிரசுரம் நெருப்பில் விழுந்தும் எரியாமல் போய் நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் லண்டன் நகரத்தில் பாதிப் பேர் மூளையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். மீதிப் பேருக்குக் கழற்றும் சிரமம் இல்லை.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை மாலை பாதிரியார் தேவாலய வாசலில் கணப்புச் சட்டியை மூட்டி, இரண்டு பிரசுரங்களை அதில் போட்டார். ஒன்று ‘அழுகிய தூண்’. பெயர் போடாத எவனோ எழுதியது. ராணியையும் ராணியின் திருச்சபையையும் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தது. மற்றொன்று அதற்குப் பாதிரியார் எழுதிய மறுப்பு, ‘எரியாத சத்தியம்’. தூண் குபீரென்று பற்றிச் சாம்பலானது. சத்தியமோ ஓரம் கறுத்தது, கொஞ்சம் சுருண்டது, தழல் மட்டும் பிடிக்கவில்லை. ஜனங்கள் முழங்காலில் விழுந்தார்கள். எரியாது என்பது அச்சடிக்கும்போதே எப்படித் தெரிந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முழங்காலில் நிற்பவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது.

பிரசுரத்தைக் கூடையில் சுமந்து விற்பவள் டார்கஸ் வீல்டன். இடது பக்கம் டோரி கட்சியின் பிரசுரம், வலது பக்கம் அதற்கு எதிரியான விக் கட்சியின் பிரசுரம். வாங்கியவர்கள் காபிக் கடையில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கூடைக்குள் அவை ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

சனிக்கிழமை நண்பகலிலும் கூட்டம் அவளை மொய்த்தது.

“டார்கஸக்கா, ரெண்டு குடு. ஒண்ணு தொட்டில்ல கட்ட, ஒண்ணு கூரையில செருக.”

“கூரைக்கு எதுக்குப்பா?”

“இனிமே தீப்பிடிக்காதுல்ல? தண்ணி வாளியக்கூட வித்துட்டேன்.”

அவனைத் தள்ளிக்கொண்டு ரொட்டிக் கடைக்காரி வந்தாள். “எனக்கும் ஒண்ணு. முந்தாநேத்து வாங்கினது அடுப்புல போட்டதும் பொசுக்குன்னு போயிருச்சு.”

“எரிஞ்சும் மறுபடி வாங்க வந்தியாக்கும்?”

“எங்க வீட்டுக்காரருக்கு விசுவாசம் பத்தாதாம். பாதிரியாரே சொல்லிட்டாரு. இந்தத் தடவ அந்த மனுசன வெளிய அனுப்பிட்டுப் போடுவேன்.”

டார்கஸ் பிரசுரத்தை நீட்டினாள். ஊரில் எத்தனையோ வீட்டில் சத்தியம் சாம்பலாகியிருந்தது. எல்லாரும் தங்கள் பாவத்தை எண்ணி வெட்கப்பட்டு, அதை அண்டை வீட்டாரிடம் மறைத்தார்கள். அதனால் ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் எரிந்தது என்று நம்பினார். மோசக்காரனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர்கள் எங்கே கிடைப்பார்கள்?

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அன்று காலைப் பிரசங்கத்தில் பாதிரியார் அழுகிய தூணை எழுதியவன் பெயரைச் சொல்லிவிட்டார். ஒபதியா கிரேன்.

ஒபதியா, திருச்சபைக்குப் போகாமல் தனியே கூடி ஜெபிக்கும் சபையாரின் போதகர். கூப்பர் சந்தில் செங்கல் கட்டடம் ஒன்றில் ஞாயிறன்று பிரசங்கம் செய்வார், மற்ற நாளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அந்தக் கட்டடத்தை இடித்து, பெஞ்சுகளை அடுக்கி எரிக்கவேண்டும், போதகரின் காதை அறுக்கவேண்டும் என்று சாராயக் கடைகளில் முடிவாகிவிட்டது. காது அறுக்கும் வேலையைக் கசாப்புக்காரன் டட்லி ஏற்றுக்கொண்டான். கத்தி அவனிடம்தானே இருந்தது.

எழுதியது ஒபதியா இல்லை என்று டார்கஸுக்குத் தெரியும். எழுதியது யார் என்றும் தெரியும். ஆனால் ராணியை ஏசும் பிரசுரத்தைத் தெரிந்தே விற்றவளுக்குச் சிறை. நாள் முழுக்கச் சணல் தண்டைக் கட்டையால் அடித்து நார் எடுக்கவேண்டும். அப்படிப் போய்வந்த ஒருத்தியின் விரல்களை அவள் பார்த்திருக்கிறாள். அவை இப்போது ஊசிகூடப் பிடிப்பதில்லை. ஆகவே டார்கஸ் வாயை மூடிக்கொண்டு கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒபதியாவைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். கணப்புச் சட்டி மறுபடி மூட்டப்பட்டது. பாதிரியார் வெள்ளை அங்கியோடு வெளியே வந்து, தன் கையிலிருந்த பிரதியை உயர்த்திக் காட்டினார்.

“பாருங்க ஜனங்களே! பொய்ய நெருப்பு தின்னும். சத்தியத்தத் தொடாது!”

தூண் எரிந்தது. சத்தியம் கறுத்தது, எரியவில்லை. அவர் அதை இடுக்கியால் எடுத்து ஆட்டினார். கூட்டம் அலறியது. டட்லி கத்தியைத் தீட்டினான்.

“ஐயா, ஒரே ஒரு சந்தேகம்” என்றார் ஒபதியா. உதட்டில் ரத்தம் கட்டியிருந்தது. “எரியாததுக்குக் காரணம் எழுத்தா, காகிதமா?”

“எழுத்துடா மூடா! ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். நெருப்பு அதப் படிச்சுப் பாத்து ஒதுங்குது.”

“சரி. அப்போ எழுத்தே இல்லாத ஓரம் எரியணும். வெறும் வெள்ளையில படிக்க என்ன இருக்கு? கொஞ்சம் வெட்டிப் போட்டுப் பாக்கலாமா?”

பாதிரியார் பிரசுரத்தை அங்கிக்குள் செருகப் போனார். “சாத்தானோட தர்க்கம்!”

ஆனால் டட்லிக்கு அது பிடித்துப்போனது. வெட்டுவது என்றால் அவனுக்கு எதுவும் பிடிக்கும். “இருங்க பாதிரியாரே. காத அப்புறம் அறுத்துக்கலாம். ஓரம் எரிஞ்சா நம்ம பக்கந்தானே நியாயம்? எதுக்குப் பயப்படுறீங்க?”

பறிக்காத குறையாக வாங்கி, ஓரத்தை ஒரு கோழிக் கழுத்தைப்போல் நறுக்கி, வெள்ளைத் துண்டை நெருப்பில் போட்டான். கூட்டம் எட்டிப் பார்த்தது.

துண்டு கறுத்தது, சுருண்டது. எரியவில்லை.

“ஓரமும் புண்ணியம் பண்ணிருக்கும்” என்றாள் ரொட்டிக் கடைக்காரி.

“எழுத்து இல்லாமலேயா?” டட்லி தலையைச் சொறிந்தான். தன் கழுத்தில் தாயத்துபோல் தொங்கிய பிரதியை அவிழ்த்தான். அதன் நடுப்பக்கத்தைக் கிழித்தான். முழுக்கச் சத்தியம், மேலிருந்து கீழ்வரை எழுத்து. நெருப்பில் போட்டான். அது ஈரமில்லாத வைக்கோல்போல் எரிந்தது.

“எங்க வீட்டுலயும் இப்படித்தான் எரிஞ்சுச்சு!” என்று ஒரு குரல்.

“எங்க வீட்டுலயுந்தான்!”

“ஏன்யா, அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீ சொன்னியா?”

டட்லி பாதிரியாரின் பிரதியை நாக்கில் வைத்தான். முகம் கோணியது. “சே, துவர்க்குது. ஆட்டுத் தோலு பதப்படுத்துற எடத்துல போடுற சாமான். படிகாரம்! படிகாரத் தண்ணியில முக்கிக் காயவச்சிருக்காரு, அதான் எரியல. நமக்கு வித்தது வெறும் காகிதம், நமக்குக் காட்டினது இது!”

பாதிரியார் அசரவில்லை. பொய் சொல்லிப் பழகியவனுக்கு ஒரு பொய் உடைந்தால் அடுத்த பொய் தயாராக இருக்கும்.

“காகிதம் கெடக்கட்டும்! உங்க விசுவாசத்தத் தூண்டணும்னு ஆசப்பட்டேன், அவ்வளவுதான். நம்ம ராணிய ஏசினவன விட்டுருவீங்களா? அழுகிய தூண எழுதினவன் இதோ நிக்கிறான்!”

“அது சரிதானே?” என்றான் டட்லி. அவன் கை மறுபடி ஒபதியாவின் சட்டைக்குப் போனது. அப்போதுதான் தலைக்குத் திரும்பிய மூளை மறுபடி இறங்கிப் போவதை டார்கஸ் கண்ணால் பார்த்தாள். ஒபதியா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளிடம் எதையும் எதிர்பார்க்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை.

அவள் கூடையைத் தரையில் வைத்தாள்.

“டட்லி, கைய எடு. எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்.”

பாதிரியாரின் முகம் அங்கியின் நிறத்துக்கு வந்தது. “டார்கஸ், சிறைய நெனச்சுப் பாரு.”

“ரெண்டு நாளா அதத்தான் நெனச்சிட்டிருந்தேன். இப்ப இவங்களும் கொஞ்சம் நெனைக்கட்டும்.” அவள் கூட்டத்தைப் பார்த்தாள். “உங்க அடுப்புல எரிஞ்சத உங்க கண்ணாலயே பாத்தீங்க. அப்பவும் கண்ண நம்பல, இவர நம்புனீங்க. இவருக்கு மறுப்பு எழுதணும்னா, மறுக்க ஒண்ணு வேணுமா இல்லையா? எதிரி இல்லாத ஊர்ல இவரு பிரசுரத்த எவன் வாங்குவான்? யோசிங்க, இனிமேலாவது யோசிங்க. டிசம்பர் குளிர்ல தேவாலயப் பின் வாசல்ல நின்னு, ‘அழுகிய தூண்’ பிரதிங்கள என் கூடையில வச்சது யாரு கைன்னு சொல்றேன். அத வச்சதும் எழுதினதும் இந்தத் தெர்ல்பி பாதிரியார்தான்.”