அம்மா கழுவிய பாசி

பி.எச்.டி. செய்கிறவனுக்கு வரக் கூடாத வியாதி, வீட்டில் எதையும் ஒழுங்காகச் சொல்லாமல் இருப்பது. எனக்கு அது முற்றிப் போயிருந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சம். நீலப்பசும்பாசியை வைத்து வெள்ளி நானோ துகள் தயாரிப்பதுதான் புனேயில் என் ஆராய்ச்சி. பாசியில் சில்வர் நைட்ரேட்டை ஊற்றினால், அது வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பிரித்துக் கொடுக்கும். பச்சைத் தண்ணீர் காப்பி நிறமாகும். (அம்மாவிடம், "பாசியிலேர்ந்து வெள்ளி எடுக்கறேன்" என்று அளந்திருந்தேன். "ஒரு கொலுசுக்காவது தேறுமாடா?" என்றாள்.)

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் என் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் கமிட்டி. அவர்கள் எதிரே நிறம் மாறினால் உதவித்தொகை ஒரு வருடம் நீளும். இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிக்கு கேப் ஏற வேண்டியதுதான்.

லேபில் நாலு நாளாக மின்வெட்டு. விளக்கில்லாமல் மற்ற குடுவைகளெல்லாம் வெளுத்துவிட்டன. பிழைத்த ஒன்றை விஷ்ராந்த்வாடியில் நானும் அம்மாவும் இருந்த வீட்டு ஜன்னலில் வெயில் பட வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், குடுவை பளபளவென்று கவிழ்ந்திருக்கிறது.

"பாசி புடிச்சுக் கெடந்துதுடா. அரிசி போட்டுக் குலுக்கிக் கழுவினேன்."

"ஐயோ அம்மா! ரெண்டு வருஷ உழைப்பும்மா அது!"

"ஒரு சீட்டு எழுதி ஒட்டறதுக்கென்ன?"

ஒட்டியிருந்தேன். லத்தீனில்.

அழுகையே வந்துவிட்டது. நேரே மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வழித்த பாசியைக் குடுவையில் நிரப்பிக்கொண்டு, மறுநாள் மேதாவி மாதிரி கமிட்டி முன்னால் நின்றேன். மராட்டிப் பேராசிரியர் ஒருவர் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஹே காய் ஆஹே?" இது என்ன என்கிறார்.

உள்ளே ஒரு கொசுப்புழு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது.

பொய் சொல்ல வாய் வரவில்லை. இருபத்தேழு வயதுக் கழுதை, ஐந்து பேராசிரியர்கள் முன்னால், "மம்மீ நே தோ தியா" என்றேன். அம்மா கழுவிட்டாங்க! சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. என் வழிகாட்டி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருடம் கேட்டதற்கு ஆறு மாதம் கிடைத்தது, முதலிலிருந்து செய்யச் சொல்லி.

எப்படியோ முடித்தேன். ஆனால் அன்றிலிருந்து அம்மா ஊறுகாய் பாட்டிலைக்கூட என்னைக் கேட்காமல் கழுவுவதில்லை. இப்போது என் பையனுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டிலைக் கழுவச் சொன்னால், "பாட்டி, அதுல ஆராய்ச்சி நடக்குது" என்கிறான்.

அம்மாவும் பயபக்தியோடு அதை எடுத்து, ஜன்னலில் வெயில் பட வைத்துவிடுகிறாள்.