மதுரைவீரன் வைத்த டெஸ்ட்

அரியலூர் பைபாஸில் அந்த ஹோஸ் கடை திறந்துதான் கிடந்தது. உள்ளே ஈ காக்காய் இல்லை. டிப்பர் தொட்டியைத் தூக்குகிற, வெடித்துப்போன ஹைட்ராலிக் ஹோஸை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு டிப்பர் டிரைவர் மதுரைவீரன் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான்.

போனில் கல் கிரஷர் சூப்பர்வைசர் கத்தினார். "பன்னெண்டுக்குள்ள வண்டி வரலேன்னா வேற வண்டி வெச்சுக்குவேன். அப்பறம் நீ இந்தப் பக்கமே வராத!"

கால் கடுத்தது. முதலாளி நாற்காலி ஃபேனுக்கு நேர் கீழே சும்மாதான் இருந்தது. உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"யாருங்க நீங்க?"

மதுரைவீரன் கதவில் ஒட்டியிருந்த 'வேலைக்கு ஆள் தேவை' காகிதத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கஸ்டமர் என்று உண்மையைச் சொன்னால், முதலாளி வரட்டும் என்று இவளும் ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். மணியோ பத்தரை.

"நான்தாம்மா மொதலாளி. வேலைக்குத்தானே வந்தே?"

அவள் காகிதத்தையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமாங்க. பேரு வெற்றிச்செல்வி."

"டெஸ்ட்டு உண்டு. இந்தா, இதே அளவுல ஒரு ஹோஸ் வெட்டி, ரெண்டு பக்கமும் கப்ளிங் போட்டுக் குடு."

"மொதலாளி ஒரு தடவ வெட்டிக் காட்டுனீங்கன்னா, அதப் பாத்து அப்படியே செஞ்சுடுவேங்க."

வசமாக மாட்டிக்கொண்டான். பதினாறு வருஷம் வண்டி ஓட்டியவன், ஹோஸ் வெட்டி அறியாதவன். ரம்பத்தை எடுத்து இழு இழுவென்று இழுத்தான். உள்ளே பின்னியிருந்த ஸ்டீல் கம்பியெல்லாம் பிரிந்து, வெட்டிய முனை தென்னந்துடைப்பமாக விரிந்தது.

"இப்படித்தான் விரியணுங்களா மொதலாளி?"

"மொதல்ல விரியும். அப்பறம் தானா அடங்கும்."

அடங்கவில்லை. சுத்தியலால் தட்டினான், ஹோஸ் நசுங்கியது. குறடால் ஒவ்வொரு கம்பியாக நறுக்கினான். ஒன்று ஆள்காட்டி விரலில் சுருக்கென்று ஏறியது. வீம்புக்கு இன்னொரு துண்டு வெட்டினான். அது முந்தினதைவிடப் பெரிய துடைப்பம்.

வெற்றிச்செல்வி துணியைக் கிழித்து அவன் விரலில் கட்டினாள். "மணி பதினொண்ணே கால் ஆச்சுங்க. நான் பாக்கட்டுங்களா?"

"அதுக்குத்தானே டெஸ்ட்டு!"

வெட்டவேண்டிய இடத்தில் கறுப்பு டேப்பை இறுக்கி நாலு சுற்றுச் சுற்றினாள். மேஜையிலிருந்த வைஸ் இடுக்கியில் பிடித்து, டேப்புக்கு நட்டநடுவே அறுத்தாள். ஒரு கம்பிகூடத் தலைதூக்கவில்லை. வாழைத்தண்டை நறுக்கினாற்போல் முனை வழவழவென்று நின்றது. இரண்டு முனையிலும் இரும்புக் கப்ளிங்கைச் சொருகி, மிஷினில் வைத்து ஒரே அமுக்கு.

மதுரைவீரன் ஓடிப்போய் வண்டியில் மாட்டினான். லீவரைத் தள்ளியதும் தொட்டி ஜம்மென்று எழுந்தது. சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. சூப்பர்வைசருக்குப் போன் போட்டான்.

"சார், வண்டி ரெடி! பத்து நிமிஷத்துல அங்க நிப்பேன்!"

"சரி சரி, சீக்கிரம் வா," என்று சூப்பர்வைசர் இறங்கிவந்தார்.

இவ்வளவு நல்ல பெண்ணைச் சும்மா விட்டுப்போக மனம் வரவில்லை. கடைக்குள் திரும்பி வந்து, நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டான். "நீ பாஸும்மா! நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடு."

"ரொம்ப நன்றிங்க மொதலாளி."

டீக்கடை அய்யம்பெருமாள் இரண்டு கிளாஸோடு உள்ளே வந்தார். தரையில் கிடந்த துடைப்பங்களைப் பார்த்தார். மதுரைவீரனின் விரல் கட்டைப் பார்த்தார். வெற்றிச்செல்வி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா மொதலாளி, ஒரு வாரமா ஆள் தேடி கடைசில இவரையா எடுத்தீங்க?"